பதினோராவது வரி

போன திங்கட்கிழமை காலையில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டினேன். பிரசவ விடுப்பும் அதற்குப் பிறகு கெஞ்சி வாங்கிய விடுப்பும் முடிந்து, மறுபடி வேலைக்குப் போகும் முதல் நாள். ஒன்றரை வயது மகளைப் பகலில் பார்த்துக்கொள்ள என் கணவரின் அக்கா ஒத்துக்கொண்டிருந்தார். நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். பழனிசெட்டிபட்டியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். இரண்டு பிள்ளைகளை வளர்த்துக் கல்லூரி வரை அனுப்பியவர். அது தெரிந்தும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பால் எத்தனை மணிக்கு, கஞ்சி எவ்வளவு சூட்டில், காய்ச்சல் மருந்து எந்தத் தட்டில், மதியத் தூக்கம் எவ்வளவு நேரம் என்று எண் போட்டு எழுதிக்கொண்டே போனேன். மதினி உள்ளே வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார்.

“ஏத்தா, என்ன இது? தாலுகா ஆபீஸ் செவுத்துல ஒட்டுன மாதிரி ஒட்டியிருக்க? இம்புட்டையும் நிறைவேத்துனாத்தான் புள்ளையத் தூக்க விடுவியா?”

நானும் சிரித்தேன். அப்போதுதான் கடைசி எண் கண்ணில் பட்டது. பதினொன்று. ‘பாப்பா அழுதால் உடனே எனக்குப் போன் செய்யவும்’ என்று எழுதியிருந்தேன். வீட்டிலிருந்த பேனாவால், அலுவலகத்தில் எழுதும் அதே உருண்டை எழுத்தில். சிரிப்பு நின்றுவிட்டது. மூன்று வருடத்துக்கு முன் நான் எழுதிய இன்னொரு பதினோராவது வரியும், அதைப் பச்சை மையில் அடித்த தாசில்தார் அம்மாவும் நினைவுக்கு வந்தார்கள்.

தேர்வு எழுதி இளநிலை உதவியாளராக நான் முதலில் சேர்ந்தது மலையடிவாரத்தில் இருந்த ஒரு தாலுகா அலுவலகத்தில். சான்றிதழ் பிரிவில் எனக்கு இடம். என் ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பிறப்பிடச் சான்றுக்கு இணைக்க வேண்டிய ஆவணங்கள் என்று அதன் தலைப்பு. முதல் ஆறு வரிகள் தட்டச்சில் இருந்தன. அவற்றுக்குக் கீழே நான்கு வரிகள் நான்கு கையெழுத்தில், நான்கு விதமான மையில். எனக்கு முன்பு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் ஆளுக்கொரு வரியை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஏன் எழுதினார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. எப்போதோ ஒரு கோப்பு திரும்பி வந்திருக்கும். தணிக்கையில் ஒரு கேள்வி வந்திருக்கும். அது மறுபடி வராமல் இருக்க ஒரு வரி. பிறகு கேள்வி கேட்டவர் ஓய்வு பெற்றுப் போய்விடுவார், வரி மட்டும் சுவரில் இருக்கும். விண்ணப்பமெல்லாம் கணினி வழியாகத்தான் வரும் என்றாலும், ஜனங்கள் அசல் ஆவணங்களோடு நேரில் வந்து காட்ட வேண்டும் என்பது எங்கள் அலுவலகத்து வழக்கமாக இருந்தது. அதற்கும் என்ன காரணம் என்று நான் கேட்டதில்லை.

எங்கள் பகுதியில் இந்தச் சான்றுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரு சிக்கல் உண்டு. இங்கிருந்து பெண்கள் விடிவதற்கு முன்பே ஜீப்பில் மலையேறி, எல்லையைத் தாண்டி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போவார்கள். சிலர் சீசன் முழுவதும் அங்கேயே தங்குவதும் உண்டு. அப்படித் தங்கியிருந்தபோது பிறந்த பிள்ளைகளின் பிறப்புச் சான்று கேரளத்து ஊராட்சி ஒன்றில் இருக்கும். வளர்ந்தது, படித்தது, ரேஷன் கார்டில் பெயர் இருப்பது எல்லாம் இங்கேதான். தமிழ்நாட்டுக் கல்லூரியில் இடம் கேட்கும்போது, இந்தப் பிள்ளை இந்த மண்ணைச் சேர்ந்தது என்று நாங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

நான் சேர்ந்த மூன்றாவது மாதம், அப்படிப்பட்ட ஒரு கோப்பு மேலிடத்திலிருந்து ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது: ‘இவர் அங்கும் இதே சான்றைப் பெற்றிருந்தால்?’ ஒரே ஒரு வரிக் கேள்வி. அதற்குப் பதில் எழுதி முடிக்கும் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணமான புதிது. வேலை போய்விடும், மாமியார் வீட்டில் எந்த முகத்தோடு நிற்பது என்றெல்லாம் யோசித்தேன். இனி இந்தக் கேள்வியே வரக்கூடாது என்று முடிவு செய்து, அடிக்கோல் வைத்துச் சுவர்த்தாளில் பதினோராவது வரியை எழுதினேன். ‘பிற மாநிலத்தில் பிறந்தவர் எனில், அங்கு இதுபோன்ற சான்று எதுவும் பெறவில்லை என்பதற்கு அவ்வூர் கிராம அலுவலரின் சான்று.’ பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்து, “நல்ல வேலை பண்ணுனம்மா, இனி நம்ம தலை தப்புச்சு” என்றார். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த வரியில் ஒரு பிழையும் இல்லை, எழுத்தும் அவ்வளவு நேர்த்தி.

வாங்காத ஒன்றை வாங்கவில்லை என்று கொடுக்காதவரிடமே எழுதி வாங்கி வரச் சொல்கிறோம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அது உறைக்காமல் இருந்ததற்கு என் படிப்பும் காரணமோ என்று இப்போது சில சமயம் யோசிக்கிறேன். எதை எழுதினாலும் சரியான வாக்கியமாக எழுதப் பழகியவளுக்கு, வாக்கியம் சரியாக இருந்தாலே விஷயமும் சரி என்று தோன்றிவிடுகிறது.

அந்த வருடம் கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாய் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர், விரல் நுனிகள் கறுத்திருந்தன. மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். செவிலியர் படிப்பு கிடைத்துவிடும் போலிருந்தது. கலந்தாய்வுக்கு இன்னும் பத்து நாள். அதற்குள் பிறப்பிடச் சான்று கையில் இருக்க வேண்டும். பத்து ஆவணங்களும் பிளாஸ்டிக் உறையில் வரிசையாக இருந்தன. நான் அடிக்கோலால் சுவரைக் காட்டினேன். மகள் எழுந்து போய்ப் பதினோராவது வரியை அம்மாவுக்காகச் சத்தமாக வாசித்தாள்.

“வாங்காததுக்கு எப்பிடித் தாயி சீட்டு வாங்கியாறது?” என்றார் தாய். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே வழி கேட்டார்.

“அங்கன ஆபீஸ்ல கேட்டா எழுதித் தருவாகம்மா” என்றேன். தருவார்களா என்று எனக்குத் தெரியாது.

ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு அவர் அந்த அலுவலகத்துக்குப் போய்விட்டு வந்தார். “அங்கன இருக்க சார் சிரிக்கிறாக தாயி. ‘ஞங்ஙள் கொடுக்காத்ததின் எங்ஙனெ எழுதித் தரும்’னு கேக்குறாக, குடுக்காததுக்கு எப்பிடி எழுதித் தர்றதுன்னு. எனக்கும் அதுதான் தோணுச்சு. ஆனா நீங்க படிச்சவுக, காரணமில்லாமக் கேக்க மாட்டீகன்னு நானும் சண்ட போட்டுட்டு வந்தேன்.” நான் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். உட்காரச் சொன்னேன். மேலே கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கேட்டால், ஏன் கேட்டாய் என்று கேட்பார்களோ என்ற பயம். மூன்றாவது முறை வந்தபோது, ‘உரிய ஆவணம் இணைக்கப்படாததால் திருப்பப்படுகிறது’ என்று விண்ணப்பத்தைத் திருப்பினேன். அந்தப் பெண் அச்செடுத்த தாளை நாலாக மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். கலந்தாய்வு நாள் ஒரு வியாழக்கிழமை. அன்று பகல் முழுவதும் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை எழுதாமல் இருக்க முடியவில்லை. அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை என்பதும் உண்மை.

அதற்கடுத்த மாதம் புதிய தாசில்தார் வந்தார். வேறு மாவட்டத்துக்காரர், ஐம்பதை நெருங்குகிறவர். பொறுமை கிடையாது. கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு மேஜையெல்லாம் தேடுவார். எவர்சில்வர் டப்பாவில் கொய்யாக்காய்த் துண்டு, மிளகாய்ப் பொடி தூவி வைத்திருப்பார். கோபம் வந்தால் ஒன்று எடுத்துக் கடிப்பார். எங்கள் பெயர்கள் அவருக்கு நிற்கவே நிற்காது. இருக்கையைச் சொல்லித்தான் கூப்பிடுவார். “பட்டா, இங்க வாங்க.” “ரேஷன் எங்க போனாரு?” நான் ‘சர்டிபிகேட்’. தேவையில்லாமல் திட்டுவதும் உண்டு. ஓட்டுநரை ஒரு நாள் எல்லார் முன்னாலும் திட்டிவிட்டு, தப்பு தன் பேரில் என்று தெரிந்த பிறகும் வருத்தம் சொல்லவில்லை. அவரை அலுவலகத்தில் பலருக்குப் பிடிக்காது. எனக்கும் அப்போது பிடித்தது என்று சொல்ல முடியாது, பயமாக இருந்தது.

அவர் வந்த சில நாளில், சேவைகளை எளிமையாக்குவது பற்றி மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு சான்றுக்கும் கேட்கப்படும் ஆவணங்களை மறுபரிசீலனை செய்து அறிக்கை அனுப்பவும் என்று இருந்தது. அப்படிப்பட்ட தாள்கள் வருடத்துக்கு இரண்டு மூன்று வரும். ‘மறுபரிசீலனை செய்யப்பட்டது’ என்று எழுதி அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். இந்த அம்மா அதை நிஜமாகவே செய்யச் சொல்லியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். ஈரத்துணி வைத்து எல்லாச் சுவர்த்தாள்களையும் கிழியாமல் உரித்துத் தன் மேஜைக்குக் கொண்டுவரச் சொன்னார். பிறகு ஒவ்வொரு பிரிவாகக் கூப்பிட்டு, எதிரே உட்கார வைத்து, வரிவரியாக வாசிக்கச் சொன்னார். ஒவ்வொரு வரிக்கும் அவருக்கு இரண்டு கேள்விதான். இதைக் கேட்கச் சொன்ன ஆணை எங்கே? இது நம்மிடமே இருக்கிறதா, இல்லையா?

என் முறை வந்தபோது தலையாரி அக்கா அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கிராம உதவியாளர் என்பது பதவியின் பெயர், ஊரில் எல்லோரும் தலையாரி என்றே சொல்வார்கள். கணவர் இறந்து கருணை அடிப்படையில் அந்த வேலைக்கு வந்தவர். கோப்பு தூக்க, கடிதம் கொண்டுபோக, ஊரில் யார் எந்தத் தெரு என்று சொல்ல, எல்லாவற்றுக்கும் அவர்தான். நான் வாசிக்கத் தொடங்கினேன். முதல் ஆறுக்கும் ஆணை இருந்தது. ஏழாவது, சாதிச் சான்றின் நகல்.

“இத யாரு குடுக்குறது?”

“நம்மதான் மேடம்.”

“நாம போட்ட கையெழுத்த நாமளே நம்பாம நகல் கேக்குறோமா? நல்ல ஆபீஸ்.” பச்சை மையில் ஒரு கோடு. எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் அதே போலப் போயின. பதினொன்றை வேகமாக வாசித்து முடித்தேன். அவர் தாளைத் தன் பக்கம் திருப்பி ஒரு முறை படித்தார். ஒரு கொய்யாத் துண்டை எடுத்தார்.

“இது யாரு எழுதுனது?”

“எனக்கு முன்னாடி இருந்தவங்க மேடம்” என்றேன்.

இவ்வளவு சுலபமாக எனக்குப் பொய் வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. எனக்கு முன்னால் இருந்தவர் மாற்றலாகிப் போனவர். என்னிடம் சாவியைக் கொடுக்கும்போது, “பதட்டப்படாதம்மா, எல்லாம் பழகிரும்” என்று சொல்லிவிட்டுப் போன நல்ல மனிதர். வாசலில் தலையாரி அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையிலிருந்த கோப்பைப் பார்த்தார். தாசில்தார் அம்மா வரியை அடித்தார். “சரி. இந்த வரியால திருப்புன மனுவெல்லாம் தேடி எடுங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு கடுதாசி போடுங்க. அந்த ஆவணம் தேவையில்ல, மறுபடி விண்ணப்பிங்கன்னு. நாலு வரி போதும். நாளைக்கு என் மேஜைக்கு வரணும்.”

பிரிண்டரில் மை தீர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது, புதியது வரவில்லை. கையால்தான் எழுத வேண்டும். முதல் கடிதத்தை எழுத்தைச் சாய்த்து, ஒடுக்கி, வேறு யாரோ எழுதியது போல எழுதிப் பார்த்தேன். பாதியில் என் ‘ழ’ என்னைக் காட்டிக் கொடுத்தது. கிழித்துப் போட்டேன். இரண்டாவதையும் கிழித்தேன். அப்புறம் என்னவோ ஆகட்டும் என்று, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின அதே கையெழுத்தில் எல்லாக் கடிதங்களையும் எழுதினேன். மறுநாள் கொண்டுபோய் வைத்தபோது அந்தச் சுவர்த்தாள் இன்னும் அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. அவர் முதல் கடிதத்தை அதற்குப் பக்கத்தில் வைத்தார். தலையிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

“கையெழுத்து நல்லா இருக்கு” என்றார் கடைசியில்.

“மேடம், அந்த வரி...”

“தெரியும்.” கடிதங்களைத் தட்டி ஒழுங்காக்கி என்னிடம் நீட்டினார். அன்றுதான் முதல் முறையாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். “இதுல ரெண்டு முகவரிக்குக் கதவு எண் இல்ல. பாத்துப் போடுங்க. இல்லன்னா இதுவும் திரும்பி வந்துரும்.”

அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் அன்றே அழுது முடித்திருப்பேன்.

வெளியே வந்ததும் தலையாரி அக்கா கடிதங்களை வாங்கி மேலாக இருந்ததைப் பார்த்தார். “ஏத்தா, கோலம் போட்டாப்புல எழுதிப்புட்டு இன்னொருத்தர் பேரச் சொல்ற? இந்த எழுத்து ஊருக்கே தெரியுமே.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “இந்த ஏலத்தோட்டத்துக்காரி வீட்டுக்குப் பகல்ல போனாப் பூட்டுத்தான் தொங்கும். அந்தப் புள்ளையும் இப்ப ஆத்தாகூட ஜீப்புல ஏறிருச்சு. பகலெல்லாம் ரெண்டு பேருமே மலையிலதான்.”

அந்த ஒரு கடிதத்தை மட்டும் நானே கொண்டுபோனேன். விடிந்தும் விடியாத நேரம், கடைவீதி முனையில் ஜீப்புகள் நிற்கும் இடம். தலையில் துண்டும், மேலே ஆண்களின் முழுக்கைச் சட்டையும் போட்டு, தூக்குவாளியோடு பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். மகளை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. சட்டை அவளுக்குப் பெரிதாக இருந்தது. கடிதத்தை வாங்கி, டீக்கடை விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பி, அன்றைக்கு வாசித்தது போலவே அம்மாவுக்காகச் சத்தமாக வாசித்தாள். ஜீப்பில் இருந்த எல்லோரும் கேட்டார்கள்.

“அப்ப அந்தச் சீட்டு வேணாமா?” என்றார் தாய். “வேணாம்னா எதுக்குத் தாயி அங்கன எழுதியிருந்துச்சு?”

“நான்தாம்மா எழுதுனேன். அப்படி எழுதச் சொல்லி யாரும் சொல்லல. எனக்குப் பயமா இருந்துச்சு, எழுதிட்டேன்.”

அதற்கு அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வது என்றுதான் போயிருந்தேன். அவர் தூக்குவாளியைக் கை மாற்றிக்கொண்டார். மகள்தான், “அடுத்த வருசத்துக்குப் போட்டுக்கலாம்மா” என்றாள், எனக்காகச் சொன்னாளா அம்மாவுக்காகச் சொன்னாளா தெரியவில்லை. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். தாய் கம்பியைப் பிடித்து ஏறி, மகளுக்கு இடம் ஒதுக்கிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ஒரு வருசம் போச்சு தாயி” என்றார். பிறகு, “நீயா எழுதுனா அது சட்டமாயிருதுன்னா, ஞாயித்துக்கிழம ஆபீஸ் தொறக்கணும்னு ஒரு வரி எழுதி ஒட்டேன். எங்களுக்கு அன்னைக்குத்தான லீவு.”

ஜீப்பே சிரித்தது. பின்னால் இருந்த ஒரு அம்மா, “அப்பிடியே எங்க சூப்பர்வைசருக்கும் ஒரு வரி எழுதச் சொல்லுடி” என்றார். மகளும் சிரித்தாள். ஜீப் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பிப் போனது. நான் சிரிக்கவில்லை என்று நினைக்கிறேன். சிரித்திருந்தால் தேவலை என்று இப்போது தோன்றுகிறது.

அவர் சொன்னதைத் தாசில்தார் அம்மாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் சொன்னேன். டப்பாவைத் திறந்தவர் துண்டை எடுக்காமலே மூடினார். “அதுவும் சரிதான்” என்றார். அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் திறந்தது. எங்களில் பாதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தோம். தாயும் மகளும் சொந்தச் சேலையிலும் சுடிதாரிலும் வந்தார்கள். தட்டச்சு செய்த ஆறு வரிகள் மட்டும் உள்ள புதிய தாள் சுவரில் இருந்தது. இந்தப் பிள்ளை எங்கே படித்தாள், எந்தத் தெருவில் வளர்ந்தாள் என்பதைக் கிராம நிர்வாக அலுவலரும் தலையாரி அக்காவும் அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்கள். தாசில்தார் அம்மா ஒப்பமிட்டார். அவர்கள் காத்திருந்தது ஒரு டீ ஆறும் நேரம்தான். அந்தப் பெண் அடுத்த வருடம் செவிலியர் படிப்பில் சேர்ந்துவிட்டாள் என்று, நான் நிறைமாதமாக விடுப்பில் இருந்தபோது தலையாரி அக்கா போனில் சொன்னார். சந்தோஷமாக இருந்தது. ஆனால் அந்த ஒரு வருடத்தை நான் எந்தக் கடிதம் எழுதியும் திருப்பிக் கொடுக்க முடியாது. மற்றக் கடிதங்களில் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள், எத்தனை பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள் என்று கணக்குக் கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை.

தாசில்தார் அம்மா ஒரு வருடம்கூட முழுதாக இருக்கவில்லை, மாற்றிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நின்றுபோனது. எனக்கும் இப்போது தேனியில் வேறு அலுவலகம். அந்தச் சுவரில் இன்று எத்தனை வரி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆறாகவே இருக்கும் என்று நம்ப ஆசை. ஆனால் அந்த நாற்காலியில் என்னைப் போல ஒருத்தி உட்கார்ந்திருந்தால், ஏழாவது வரி எப்போது, எந்தப் பயத்தில் வந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியும்.

திங்கட்கிழமை காலை ஃபிரிட்ஜ் முன்னால் இதையெல்லாம் நினைத்துக்கொண்டு நின்றேன். மகள் மதினியின் இடுப்பில் இருந்தாள், என்னைப் பார்க்கவே இல்லை, மதினியின் கண்ணாடியைப் பிடுங்குவதில் மும்முரமாக இருந்தாள். அவள் அழுதால் எனக்குப் போன் வந்து நான் என்ன செய்யப் போகிறேன்? பேனாவை எடுத்துப் பதினோராவது வரியை அடித்தேன். அடித்த பிறகு, ஏழாவதாக இருந்த மதியத் தூக்கத்தையும் அடிக்கலாமோ என்று தோன்றியது. காய்ச்சல் மருந்து இருக்கட்டும் என்று தோன்றியது. கஞ்சியின் சூட்டில் பேனாவை வைத்தபடி நின்றுவிட்டேன்.

“ஏத்தா, பஸ்சு போயிரும்” என்றார் மதினி.

பேனாவை அவரிடம் நீட்டினேன். “நீங்க ஒரு வரி எழுதுங்க மதினி.”

“நானா? எனக்கென்ன எழுதத் தெரியும்?” என்று சொல்லிக்கொண்டே பேனாவை வாங்கினார். எட்டாம் வகுப்போடு நின்றவர். பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிவிட்டு, நான் அடித்த வரிக்குக் கீழே, பெரிய பெரிய எழுத்தில், எண் போடாமல் எழுதினார்.

‘சாயங்காலம் அஞ்சரைக்கு நீ வீட்டுக்கு வந்துரணும்.’

அந்த வரியை நான் இந்த வாரம் இரண்டு நாள் மீறிவிட்டேன். தாள் இன்னும் கதவில் இருக்கிறது.